நான்காவது வரி

அமலி காலமான செய்தி வந்தபோது நான் திருமங்கலம் பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டிருந்தேன். பள்ளி அலுவலக உதவியாளர் போன் செய்து, "ஐயா, நம்ம அமலி அக்கா போயிருச்சு" என்றார். நான் ஏற வேண்டிய பஸ் போனது. அடுத்ததும் போனது.

பசுமலையில் எங்கள் பள்ளியில் அவர் எழுத்தர், நான் தமிழாசிரியர். இந்த அஞ்சலியைப் படிக்கும் உங்களில் அவரோடு பழகியவர்களுக்கு அவருடைய சிக்கனமான பேச்சு தெரியும். விடுப்புக் கடிதத்தில் நான் அரைப் பக்கத்துக்குக் காரணம் எழுதினால், "காய்ச்சல்னா காய்ச்சல்னு எழுதுங்க ஐயா, அம்புட்டுத்தான்" என்பார். அவர் ஹைக்கூ எழுதுவது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது.

அவர் கணவர் இறந்த வருடம், பள்ளி ஆண்டு மலருக்காக ஒன்று கேட்டேன். என்னுடைய பழைய விடுப்புக் கடிதம் ஒன்றின் பின்புறத்திலேயே எழுதிக் கொடுத்தார்:

மழை நின்றுவிட்டது
கொடியில் ஒரு சட்டை
இன்னும் சொட்டுகிறது

தமிழாசிரியன் கை சும்மா இருக்குமா? பொழிப்புரை சொல்லியே பழகிய புத்தி. பிள்ளைகளுக்குப் புரியாதே என்று, அவரைக் கேட்காமல், கீழே 'என் கண்களைப் போல' என்று ஒரு வரி சேர்த்து அச்சுக்கு அனுப்பிவிட்டேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

மலர் வந்த அன்று அலுவலகத்தில் உட்கார்ந்து படித்தார். கோபப்படவில்லை. "சட்டைதான ஐயா நனஞ்சிருந்துச்சு. நான் அழுகலையே" என்றார். பிறகு ஏதோ சான்றிதழை எழுத ஆரம்பித்துவிட்டார். அதன்பின் ஒரு கவிதையும் எனக்குக் காட்டவில்லை. மன்னிப்புக் கேட்கலாம், கேட்கலாம் என்று இருந்து, நான் ஓய்வு பெற்று வீட்டுக்கே வந்துவிட்டேன்.

எவ்வளவு பெரிய மடையன் நான். யாருடைய சட்டை என்று அவர் சொல்லவில்லை. எடுத்து உள்ளே போட ஆள் இல்லை என்றும் சொல்லவில்லை. மழை விட்டபின் ஒரு சொட்டுச் சத்தம், அவ்வளவுதான். அந்த வீட்டின் வெறுமை முழுவதும் அதில் கேட்டது. நான் கண்ணைக் கொண்டுவந்து வைத்ததும் சட்டை காணாமல் போயிற்று.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் அவர் வீட்டுக்குப் போய், கவிதை நோட்டு ஏதும் இருக்கிறதா என்று மகளிடம் கேட்டேன்.

"அம்மா எல்லாத்தையும் கிழிச்சுப் போட்டுட்டாங்க ஐயா. மலர்ல வந்த அந்த ஒண்ணுதான் மிச்சம். கல்லறைக் கல்லுல அதத்தான் வெட்டச் சொல்லிருக்கோம்."

"நாலாவது வரி அம்மா எழுதுனது இல்லம்மா. நான் சேர்த்தது. அத மட்டும் எடுத்துரச் சொல்லு."

"அந்த வரியப் படிக்கும்போதுதான் ஐயா எனக்கு அழுகை வருது. அது இருக்கட்டும்" என்றாள்.

தாயை இழந்த பிள்ளையிடம் அதற்கு மேல் என்ன வாதாடுவது? நேற்று கல்லறைக்குப் போனேன். கல்லை வைத்துவிட்டார்கள். நான்கு வரியும் ஆழமாக வெட்டியிருக்கிறது. என் வரிக்குக் கீழே அவர் பெயர்.

அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது. ஒரு பக்கம் என்னுடைய அரைப் பக்கக் காரணம். மறுபக்கம் அவருடைய மூன்று வரி. எனக்குப் பிறகு அதை யாரும் பத்திரமாக வைத்திருக்கப் போவதில்லை. கல் இருக்கும்.