பூஜையில் இருந்த மரக்கட்டை

அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்புத் தகடு வெட்டும் எங்கள் பிரஸ் பட்டறையின் ஆயுத பூஜை என்றால் அது என் வீட்டு விசேஷம் மாதிரி. பெயருக்கு நான் சூப்பர்வைசர். அன்றைக்கு மட்டும் பெண்ணைப் பெற்றவனின் பரபரப்பு வந்துவிடும். எந்த மெஷினுக்கு என்ன நிறத்தில் கலர் பேப்பர், வாசல் வாழைக்கன்று சாய்கிறதா, சுண்டலில் தேங்காய் போதுமா என்று எல்லாவற்றிலும் மூக்கை நுழைப்பேன். தொழிலாளிகள் குடும்பத்தோடு வருவார்கள். பூஜையில் வைத்த சாமானை மறுநாள் வரை யாரும் எடுக்கக்கூடாது என்று வருஷா வருஷம் அதட்டுவதும் நான்தான்.

மூன்று வருஷத்துக்கு முந்தைய பூஜைக்கு ஒருவனை மட்டும் நான் கூப்பிடவில்லை.

பட்டாபிராம்காரன். என்னைவிடப் பத்து வயது சின்னவன். காலை ரயிலில் நான் திருநின்றவூரில் ஏறி அவனுக்கு இடம் பிடித்து வைப்பேன். எங்கள் பெரிய பிரஸ்ஸை ஓட்டியவன் அவன்தான். அதில் இரண்டு பட்டன்கள். இரண்டு கையாலும் அமுக்கினால்தான் தகட்டை வெட்டும் டை என்கிற இரும்பு அச்சு மேலிருந்து இறங்கும். கை உள்ளே மாட்டிக்கொள்ளக்கூடாது என்பதற்காக அப்படி. அந்த வருஷம் ஆடி மாதம் ஒரு அவசர ஆர்டர் வந்தது. ஒரு பட்டனில் மரக்கட்டையைச் செருகிவிட்டால் இடது கையால் ஓட்டிக்கொண்டே வலது கையால் தகட்டை வைக்கலாம், வேலை சீக்கிரம் முடியும். செருகியது நான்.

"வேணாண்ணே, பயமாக்கீது" என்றான்.

"பத்து வருஷமா ஓட்டறவன் பேசற பேச்சாடா இது?" என்று எல்லார் முன்னாலும் கிண்டல் செய்தேன். சாயங்காலத்துக்குள் அவன் வலது கையில் பெருவிரல் மட்டும்தான் மிஞ்சியது.

முதலாளி வருவதற்குள் கட்டையை உருவி என் டூல்ஸ் பெட்டியின் அடியில் போட்டுவிட்டேன். ஆஸ்பத்திரியில் அவர் கேட்டபோது அவன் முந்திக்கொண்டான். "நான்தான் சார் பட்டன்ல கட்டைய வெச்சேன். அண்ணன் வேணாம்னுதான் சொன்னாரு." அவர் போனபிறகு என்னிடம், "தையில பொண்ணு கல்யாணம் வெச்சிகினு கீற. வுடுண்ணே. என்னைய திரும்ப எடுத்துப்பாங்க" என்றான்.

எடுத்துக்கொள்ளவில்லை. சொன்ன பேச்சு கேட்காதவனை எப்படி வைத்துக்கொள்வது என்றார் முதலாளி. நான் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். ரயில் பட்டாபிராமில் நிற்கும்போது மட்டும் குனிந்து செல்போனைப் பார்ப்பேன்.

பூஜையன்று நான் மார்க்கெட்டுக்குப் போயிருந்த நேரத்தில், பேக்கிங் பெண்கள் எல்லார் பெட்டியையும் கவிழ்த்திருந்தார்கள். ஸ்பேனர், சுத்தியல், அரம் எல்லாம் துடைத்து, சாமி படத்துக்கு முன் வாழையிலையில் அடுக்கிச் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். வந்து பார்த்தால், என் சுத்தியலுக்குப் பக்கத்தில் அந்தக் கட்டை. சாண் நீளம்கூட இல்லை. அதற்கும் ஒரு பொட்டு. என் கை அதை எடுக்கப் போனது. "எடுக்கக்கூடாதுன்னு நீங்கதானேண்ணா சொல்வீங்க?" என்று ஒரு பெண் சிரித்தாள்.

அந்த நேரம் பார்த்து அவன் மனைவியோடு உள்ளே வந்தான்.

"இன்னாண்ணே, கூப்டவே இல்ல? சாமி கும்புடறதுக்குகூட பத்திரிக வெக்கணுமா?"

அவன் மனைவி என்னைத் தனியாக அழைத்தாள். "நீங்க எத்தினி வாட்டி சொன்னீங்களாம், கேக்காம அந்தக் கட்டைய வெச்சிருக்காரு பாருங்கண்ணா. முதலாளிகிட்ட நீங்க ஒரு வார்த்த சொன்னா வாட்ச்மேன் வேலையாச்சும் குடுப்பாரு."

கட்டின மனைவியிடம்கூட அவன் உண்மையைச் சொல்லியிருக்கவில்லை. எனக்கு வெட்கத்தில் செத்துவிடலாம் போலிருந்தது. "சொல்றேம்மா" என்றேன். முதலாளி பத்தடி தள்ளி மெஷின்களுக்கு ஊதுவத்தி காட்டிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறந்திருக்க வேண்டியது அப்போதுதான். இப்போது உட்கார்ந்து எழுதி என்ன பிரயோஜனம்?

சூடம் காட்டி முடிந்ததும் பொரி கடலை கொடுத்தேன். பழக்கத்தில் அவன் வலது கையை நீட்டிவிட்டான். பொரி நிற்கவில்லை. அவன் மனைவி தன் கையை அடியில் ஏந்திக்கொண்டாள்.

பிறகு அவள் சாமி படத்தின் முன் போய், அங்கிருந்த சாமான்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக் கும்பிட்டாள். கடைசியில் நின்றாள்.

"இது இன்னாங்க, கட்ட?"

அவன் பார்த்தான். அடையாளம் தெரிந்துவிட்டது என்று அவன் முகத்திலேயே தெரிந்தது.

"அது அண்ணனோட சாமான்" என்றான்.

அவள் குனிந்து அந்தக் கட்டையைத் தொட்டு இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டாள். முதலாளியும் பக்கத்தில்தான் நின்றிருந்தார். நான் அடுத்த ஆளுக்குப் பொரி அள்ளிக் கொடுத்தேன்.