யோகராணி அக்கா ரசிகை அல்ல

அக்கா போய்விட்டார் என்று ஆரையம்பதியிலிருந்து அவருடைய தங்கை அழைத்துச் சொன்னபோது நான் பஸ்ஸில் இருந்தேன். இறங்குவதற்குள் நம் திரைப்பட வட்டத்தின் அஞ்சலிப் படம் கைப்பேசிக்கு வந்துவிட்டது. அக்காவின் முகத்துக்குப் பக்கத்தில், கறுப்புக் கண்ணாடியும் துப்பாக்கியுமாக துப்பாக்கிச் சண்டைப் படங்களுக்குப் பேர்போன ஒரு பிரபல இயக்குநரின் கதாநாயகன். கீழே ‘இயக்குநரின் தீவிர ரசிகை’ என்று ஒரு வரி. அழுகைக்கு முன் எனக்குக் கோபம்தான் வந்தது.

நண்பர்களே, மனச்சாட்சியைத் தொட்டுச் சொல்லுங்கள். தபால் கந்தோர் வேலை முடிந்த கையோடு நம் காட்சிகளுக்கு முதல் ஆளாக வந்த யோகராணி அக்காவை உங்களுக்குத் தெரியாதா? அந்த இயக்குநரின் படம் வந்தால் முதல் நாளே போவார், உண்மைதான். “பாக்காம ஏசுறது பொய்ச்சாட்சி சொல்லுற மாதிரி, மனே” என்பார். அவர் பார்த்தது உங்கள் கண்ணில் பட்டது. ஏசியது மட்டும் காதில் விழவில்லையா?

ஒருமுறை தன்னாமுனையில் அந்த இயக்குநரின் படமொன்றைப் போட்டோம். இனிமையான பாட்டொன்று ஒலிக்க, கதாநாயகன் ஒரு கூட்டத்தையே சுட்டு வீழ்த்தும் காட்சிக்கு மண்டபமே விசில் அடித்தது. வன்முறையைக் கவிதையாக்கிய மேதை என்று நம் தலைவர் புகழ்ந்தார். அக்கா எழுந்தார்.

“கெட்டிக்காரன்தான், இல்லெண்டு சொல்லல்ல. வெளிச்சம் வைக்கத் தெரியும், பாட்டை எங்க நிப்பாட்டோணும் எண்டும் தெரியும். ஆனா இத்தின பேரைச் சுட்டுத் தள்ளினானே, ஒரு செத்த வீடாவது காட்டினானா?”

“அது ஸ்டைல் அக்கா. அதெல்லாம் காட்டினா படம் இழுபடும்” என்றார் தலைவர்.

“இழுபடட்டுமே. இழுபடாம முடிஞ்ச செத்த வீடு நம்மட ஊரில ஒண்டு சொல்லு பாப்பம்.”

சபை சிரித்தது. போர்க்காலத்தில் அக்காவின் தம்பியைச் சுட்டவர்கள் உடலைக்கூடத் தரவில்லை. அதை அவர் ஒருநாளும் வாதத்துக்கு இழுத்ததில்லை. தெரிந்திருந்தும் சிரித்தீர்களே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

அக்கா போன அன்று அவர் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. அயலவர்கள் சமைத்துக் கொண்டுவந்த சோற்றைத் தொடாமல் தங்கை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்கும் தூரத்தில் நின்று தலைவர் என்னிடம், “முப்பத்தோராம் நாளுக்கு அக்காட பேரில அந்தப் படத்தையே போடுவம். சனமும் வரும்” என்றார். சோறு கொண்டுவந்த சனத்துக்கு இருந்த புத்தி படித்த நமக்கு இல்லாமல் போயிற்று.

அந்த இயக்குநரின் கைத்திறனுக்குப் புகழ் கொடுங்கள், அக்காவே கொடுத்தார். மனிதரை அறிந்த கலைஞன் என்ற பெயரைத்தான் அவர் கொடுக்க மறுத்தார். விழுந்தவனை மறுநிமிடமே மறந்துவிடும் கமராவுக்கு அந்தப் பெயர் எதற்கு? நானும் மறுக்கிறேன்.

படத்தைப் போடுங்கள், வருவேன். முழுவதையும் பார்ப்பேன். விளக்கு எரிந்ததும் எழுந்து ஏசுவேன். அக்கா எனக்கு விட்டுப்போனது அந்த வாய்தான். அதை மூடச் சொல்லும் தகுதி உங்களில் ஒருவருக்கும் இல்லை.