எமோவைக் காணோம்

கக்ராவும் அவள் அக்காள் பானினும் இரட்டைப் பிள்ளைகள். எங்கள் வழக்கத்தில் இரட்டையரில் மூத்தவள் பானின், இளையவள் கக்ரா. கானாவில் எங்கள் ஊரான குமாசியில் யாருக்கும் இருவரையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. தெருவில் ‘பானின்!’ என்று கூப்பிட்டால் கக்ரா திரும்பவே மாட்டாள். அவ்வளவு அழுத்தக்காரி.

அசாஃபோ சந்தையில் சோறு விற்றுக்கொண்டே என்னோடு கம்ப்யூட்டர் வகுப்பில் ஜாவா படிக்க வந்தாள். பன்னிரண்டு மணிக்குள் யாருடைய புரோகிராம் எரர் இல்லாமல் கம்பைல் ஆகிறதோ, அவர்களுக்குத்தான் அடுத்த வகுப்பில் இடம் என்று அம்போஃபோ சார் சொல்லிவிட்டார். கக்ரா எழுதியது தன் கடை ஆர்டருக்கான புரோகிராம். எங்கள் ட்வி மொழியில் சோற்றுக்கு ‘எமோ’ என்று பெயர். அந்தச் சொல்லையே அதில் போட்டிருந்தாள். அதன் முதல் எழுத்து கண்ணாடியில் பார்த்த 3 மாதிரி இருக்கும்.

மணி பதினொன்றரை. பதினாலாவது வரியைக் காட்டி, எமோ என்று ஒன்றுமே இல்லை என்றது புரோகிராமைச் சரிபார்க்கும் கம்பைலர்.

“இதுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா? நாலாவது வரியில குத்துக்கல்லாட்டம் இருக்கே!” என்றேன். என்னுடையது பத்து மணிக்கே முடிந்துவிட்டது, அதனால் வாய் நீளம். “ரைஸ்னு மாத்தித் தொலையேன்டி.”

“மாத்தலாம். ஆனா ஏன் காணோம்னு தெரியணுமே.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இடமே பறிபோகப் போகிறது, இவளுக்கு ஆராய்ச்சி!

நாலாவது வரிச் சொல்லை எடுத்துத் தேடவிட்டாள். “பாரேன், அது மட்டும்தான் மினுங்குது. கீழே இருக்கறது மினுங்கல.”

மேல்வரி வீட்டில் போனில், ட்வி கீபோர்டில் அடித்தது. கீழ்வரி இங்கே வகுப்புக் கம்ப்யூட்டரில் அடித்தது. இங்கே எங்கள் எழுத்து இல்லையென்று கிரேக்க எழுத்துகளில் அதே சாயலில் ஒன்றைப் பொறுக்கிப் போட்டிருந்தாள்.

“அய்யோ, இது நானும் அக்காவும்டி!” தொடையைத் தட்டிச் சிரித்தாள். “மூஞ்சி ஒண்ணு, ஆளு வேற. அவ பேரைச் சொன்னா நான் எதுக்குத் திரும்பணும்?”

மேல் எழுத்தை நகலெடுத்துக் கீழே ஒட்டினாள். பன்னிரண்டுக்கு மூன்று நிமிடம் இருக்கையில் கம்பைல் ஆயிற்று.

சார் பட்டியலை வாசித்தார். என் பெயர் வந்தது. அடுத்து, “பானின்.”

யாரும் எழவில்லை. நான் அவள் இடுப்பைக் கிள்ளினேன். “எந்திரிடி, போயிடப் போகுது!”

அசையவில்லை. சார் அவள் முகத்தையே பார்த்து மறுபடியும், “பானின்?”

“அந்தப் பேர்ல இங்க யாரும் இல்ல சார்.”

சார் பட்டியலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பேனாவை எடுத்துத் திருத்தினார்.

“கக்ரா.”

“இருக்கேன் சார்” என்று எழுந்தாள்.