சிலுவை போட்ட பரங்கிக்காய்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அந்தக் கொடியை நான் நட்டு வளர்க்கவில்லை. பாத்திரம் கழுவுகிற இடத்தில் எப்போதோ கொட்டிய விதை தானாக முளைத்து, கொல்லைச் சுவரில் ஏறி, எங்கள் வாடகை வீட்டு ஓட்டின்மேல் போய்ப் படர்ந்துவிட்டது. மயிலாப்பூரில், குளத்துக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு சந்தில் இருந்த வீடு அது. எனக்குக் கல்யாணமாகி அதிக நாள் ஆகவில்லை. என் வீட்டுக்காரருக்கு அப்போதுதான் வேலை போயிருந்தது.

போனது என்று சொல்வதே தப்பு. பிடுங்கிக்கொண்டார்கள். அவர் ஓர் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தார். அங்கே ஈய எழுத்துகள் மூட்டைகட்டிக் களவு போயின. பகலில் சாவி இவர் இடுப்பில் இருக்கும், ராத்திரி மானேஜர் வீட்டில் இருக்கும். களவு போனது ராத்திரியில். எடுத்தது மானேஜரின் மைத்துனன் என்று அங்கே மெஷின் சுற்றுகிறவர் வரைக்கும் எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் வெளியே அனுப்பப்பட்டது என் வீட்டுக்காரர். கேட்கவே வயிறு எரிகிறது அல்லவா? எனக்கு இன்றைக்கும் எரிகிறது.

இதில் இன்னொரு கூத்து என்னவென்றால், அந்த மானேஜரும் எங்கள் வேதக்கோயில்தான். முன்வரிசையில் உட்காருவார். ஞாயிற்றுக்கிழமை காணிக்கைத் தட்டை ஏந்திக்கொண்டு வருகிறவரும் அவரே. என் வீட்டுக்காரர் பாடகர் குழுவில் கனத்த குரலில் பாடுகிறவர். அவர் பாடும்போது நான் உட்கார்ந்திருக்கிற பெஞ்சுப் பலகை அதிரும். அந்தக் குரலைக் கேட்டுத்தான் எங்கள் அப்பாவிடம் நான் சரியென்று தலையாட்டினேன். வேலை போனதிலிருந்து அவர் கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்டார்.

"அந்த மனுஷன் தட்டு நீட்டிக்கினு வர்ற எடத்துல எனக்கு இன்னா வேல?" என்றார்.

"அவர பாக்கவா கோயிலுக்குப் போறோம்?" என்றேன்.

"நீ போ. நான் வரல."

சாப்பாட்டுக்கு முன் ஜெபம் செய்வதும் நின்றுபோயிற்று. முன்பெல்லாம் கஞ்சியானாலும் அவர் கண்ணை மூடி, அந்தக் குரலில் ஸ்தோத்திரம் சொல்லி முடித்த பிறகுதான் கையை வைப்போம். இப்போது நான் ஜெபம் சொல்ல, அவர் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஆமென்கூடச் சொல்லமாட்டார். வேலை இன்று இல்லாவிட்டால் நாளை கிடைக்கும். அந்தக் குரல் திரும்பி வராமலே போய்விடுமோ என்றுதான் நான் பயந்தேன்.

மாம்பலம் ஏரியைத் தூர்த்துப் புதிதாக வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. அங்கே செங்கல் சுமக்கப் போனார். எழுத்துக் கோத்த விரல்கள் தோலுரிந்து வரும். நான் தேங்காயெண்ணெய் தடவுவேன். 

அந்தச் சமயத்தில்தான் ஓட்டின்மேல் பூப் பூத்து, நிறையப் பிஞ்சு விட்டது. எங்கள் பக்கத்து ஜனங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தோட்டத்தில் முதலில் காய்க்கிறதை, விளைச்சலைக் கோயிலில் காணிக்கை வைக்கிற அறுப்பின் பண்டிகைக்கு என்று நேர்ந்துகொள்வார்கள். மறந்துபோய்ப் பறித்துவிடக் கூடாது என்று பிஞ்சிலேயே அடையாளமும் போட்டுவிடுவார்கள். நான் ஏணி வைத்து ஏறி, எல்லாவற்றிலும் பெரிய பிஞ்சாகப் பார்த்து, ஊக்கால் ஒரு சிலுவையைக் கீறிவிட்டு, "இது உமக்கு, மீதி எங்களுக்கு" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். நல்ல பங்கீடு என்று எனக்கே என்மேல் பெருமை.

அடுத்த வாரம் மீதிப் பிஞ்சுகள் எல்லாம் வெம்பி உதிர்ந்துவிட்டன. ஒன்றுகூட மிஞ்சவில்லை. சிலுவை போட்டது மட்டும் கிண்ணென்று நின்றது. ஆண்டவர் தம்முடைய பங்கை மட்டும் பத்திரமாக வளர்த்துக்கொண்டார்.

வளர்த்தார் என்றால் அப்படியொரு வளர்ப்பு. காய் பருக்கப் பருக்க, நான் போட்ட சின்னக் கீறலும் தழும்பேறி அகன்று, தெருவில் நின்றாலே தெரிகிற சிலுவையாகிவிட்டது. நாங்கள் கீழே பரங்கி இலையை வதக்கித் தின்றுகொண்டிருந்தோம். பக்கத்து வீட்டு ஜட்கா வண்டிக்கார பாய் காலையில் குதிரையைப் பூட்டும்போதெல்லாம் அண்ணாந்து பார்ப்பார்.

"இன்னா தங்கச்சி, ஓடு தாங்குமா? ராவுல உங்க தல மேலயே எறங்கிடப் போவுது!"

ஒருநாள் வீட்டில் அரிசி இல்லை. என் வீட்டுக்காரர் ஏணியை எடுத்துச் சுவரில் சாய்த்தார். நான் ஏணியின் கீழ்ப்படியில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

"எழுந்திரு. பசிக்கிது."

"அது நம்மளுது இல்ல."

"நம்ம கைல இருந்ததெல்லாம் புடுங்கினாரே, அவருக்கு இன்னும் ஒரு பரங்கிக்கா கொறையுதா?"

அவர் சொன்னது மானேஜரை அல்ல என்று எனக்குப் புரிந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கோபமும் வந்ததால் அழவில்லை. "பசிக்கிதுன்னு பாதி காயப் பறிச்சிட்டு மீதிய சிலுவையோட வெச்சிட்டு வர முடியாதுங்க" என்று மட்டும் சொன்னேன். அவர் முகத்தில் சிரிப்பு வரப் பார்த்தது. வராமல் அடக்கிக்கொண்டு, ஏணியைச் சாய்த்த இடத்திலேயே விட்டுவிட்டு உள்ளே போனார். அன்றைக்குப் பாய் வீட்டிலிருந்து ஒரு படி அரிசி வந்தது. கேட்காமலே வந்தது.

பண்டிகை நாளில் அந்தக் காயை இறக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது. என் வீட்டுக்காரர் மேலே, பாய் கீழே, நடுவில் ஒரு கயிறு. ஓடு உடைந்ததுதான் மிச்சம். பாய் அதை ஜட்காவில் ஏற்றி, எங்களையும் ஏற்றிக்கொண்டார்.

"கோயில் வாசல்ல எறக்கி வெச்சிட்டு நான் திரும்பிடுவேன்" என்று என் வீட்டுக்காரர் முன்கூட்டியே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

போய்ச் சேர்ந்தபோது ஆராதனை தொடங்கிவிட்டது. வாசலில் ஓர் ஈ காக்கை இல்லை. உள்ளே ஜனங்கள் வாழைத்தாரும் நெல்லும் கோழியுமாக வரிசையில் பீடத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். நான் காயைக் கட்டிப்பிடித்துத் தூக்கிப் பார்த்தேன். அசையவே இல்லை. பாயைப் பார்த்தேன்.

"நான் குதிரைய வுட்டுட்டு எப்படி வர்றது?" என்றார் பாய். அந்தக் கிழட்டுக் குதிரை நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தது.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், பாயைப் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டு, மேல்துண்டைச் சுருட்டிச் சும்மாடு கட்டினார். பாய் ஒரு கை கொடுக்க, காயைத் தலையில் ஏற்றிக்கொண்டு உள்ளே நடந்தார். செங்கல் சுமந்து பழகிய தலை. நான் பின்னாலேயே போனேன். எல்லாத் தலைகளும் திரும்பின.

பீடத்தருகே நின்று காணிக்கைகளை வாங்கிக்கொண்டிருந்தவர் மானேஜர்.

தலைச்சுமை தூக்கியவர்களுக்குத் தெரியும். ஏற்றுவதற்கு ஒரு கை வேண்டும், இறக்குவதற்கும் ஒரு கை வேண்டும். அவ்வளவு பெரிய காயைத் தனியாக இறக்கினால் காய் உடையும், இல்லாவிட்டால் கழுத்து உடையும். என் வீட்டுக்காரர் அவர் முன்னால் போய் நின்றார். மானேஜரின் முகம் வெளுத்துவிட்டது. கோயில் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறது. வேறு வழியில்லாமல் இரண்டு கையையும் உயர்த்தினார். நாலு கையுமாகப் பிடித்து, முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டு, இம்மி இம்மியாக இறக்கினார்கள். காய் தரையைத் தொட்டதும் மானேஜர் "அம்மா" என்று முனகி முதுகைப் பிடித்துக்கொண்டார். அதற்குள் பாட்டு தொடங்கிவிட்டது. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு என் வீட்டுக்காரரால் திரும்பிப் போக முடியவில்லை. அங்கேயே நின்றார். இரண்டாவது சரணத்தில் நான் பிடித்துக்கொண்டு நின்ற பெஞ்சுப் பலகை அதிர்ந்தது. நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன்.

ஆராதனை முடிந்ததும் வழக்கம்போல் காணிக்கைகளை வெளியே மரத்தடியில் ஏலம் விட்டார்கள். காயை எடுத்தது யார் என்கிறீர்கள்? பாய்தான். "தெனம் பாத்துப் பாத்து எனக்கே ஆச வந்திடுச்சி" என்றார். சாயங்காலம் அவர் வீட்டம்மா அதை இரண்டாக வெட்டி, சிலுவை இருந்த பாதியை எங்களுக்குக் கொண்டுவந்து கொடுத்தார்.

அச்சுக்கூடத்து வேலை பிறகு திரும்பிக் கிடைக்கவே இல்லை. மானேஜர் கடைசிவரை மன்னிப்பும் கேட்கவில்லை. அதெல்லாம் இருக்கட்டும். அன்றைக்கு ராத்திரி பரங்கிக்காய்ச் சாம்பார். நான் ஜெபத்துக்குக் கண்ணை மூடினேன். நான் வாயைத் திறக்குமுன்பே அவர் தொடங்கிவிட்டார். பாய்க்காக ஸ்தோத்திரம், குதிரைக்காக ஸ்தோத்திரம், உடைந்த ஓட்டுக்காகவும் ஸ்தோத்திரம். சாம்பார் ஆறிக்கொண்டிருந்தது. முடித்துவிட்டார் என்று நினைத்து நான் கண்ணைத் திறக்கப் போனேன்.

"அப்புறம், ஆண்டவரே," என்றார், "அவரு முதுகப் புடிச்சிக்கினு போனாரு. நான் பாத்தேன். அத்தச் சொஸ்தமாக்கும்."

ஆமென் சொல்ல எனக்குத்தான் கொஞ்ச நேரம் பிடித்தது.