ஆறாம் கட்டளையும் ஒரு வரிக்கைச் சக்கையும்

எனக்கு மாமனாராக வாய்த்தவர் நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி நான் சொல்லப்போவதைக் கேட்டால் யாருக்கும் அப்படித் தோன்றாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் தக்கலைக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் வாழ்க்கைப்பட்டுப் போனேன். கணவருக்குக் கொல்லத்தில் வேலை, பண்டிகைக்குப் பண்டிகைதான் வருவார். வீட்டில் மாமா, மாமி, நான், பிறகு ஒரு பலாமரம். பலா என்று அங்கே யாரும் சொல்லமாட்டார்கள், சக்கை என்பார்கள். எங்களுடையது செம்பருத்தி வரிக்கை. சுளை செக்கச்செவேலென்று இருக்கும். அந்தச் சுற்றுவட்டத்தில் அப்படி வேறு மரம் கிடையாது. அதைப் பற்றிப் பேச வந்தால் மாமா மேல்முண்டைச் சரிசெய்துகொண்டுதான் தொடங்குவார்.

மரத்தின் முதல் பழம் கோவிலுக்கு. எங்கள் மிஷன் கோவிலில் அறுப்பின் பண்டிகையன்று அவரவர் விளைச்சலில் முதலாவதைக் கொண்டுவந்து படைப்பார்கள், ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவார்கள். மாமா தாம் கொடுத்த சக்கையைத் தாமே ஏலத்தில் எடுப்பார். வேறு யாராவது வாய் திறந்து விலை கேட்டால் அந்த வருஷம் முழுக்க அவர்களோடு பேச்சு இல்லை. பண்டிகைக்குக் குறித்த பழத்தில் குருத்தோலையால் ஒரு சிலுவை முடிந்து கட்டியிருப்பார். அது கோவிலுக்குப் போய்ச் சேரும்வரை வீட்டில் ஒருவரும் ஒரு சுளைகூடத் தின்னக்கூடாது.

இந்தச் சட்டம் தெரியாத ஒரு ஜீவன் அப்போது என் வயிற்றில் வந்து உட்கார்ந்திருந்தது. சோறு இறங்கவில்லை, மீன் வாடை ஆகவில்லை. மரத்தில் பழுத்த சக்கையின் மணம் மட்டும் நாள் முழுக்க மூக்கிலேயே நின்றது. மாமியிடம்கூட நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஒரு ஞாயிறு மத்தியானம் மாமி ஒரு மூடிய கிண்ணத்தைக் கொண்டுவந்து நீட்டினாள்.

“எனக்க தங்கச்சி வீட்டுச் சக்கையாக்கும். சத்தம் காட்டாம தின்னு மக்களே.”

திறந்தேன். செக்கச்செவேலென்று இருந்தது. தங்கச்சி வீட்டில் நிற்பது வெளிறின கூழன் சக்கை என்பது ஊருக்கே தெரியும். நான் ஏன் கேட்கப்போகிறேன்? தின்றேன்.

அதற்குள் வெளியே மாமாவின் கூப்பாடு கேட்டது. சிலுவை கட்டிய பழம் காணாமல் போயிருந்தது. எல்லாரும் கோவிலில் இருந்த நேரம் பார்த்துக் கள்ளன் வந்திருக்கிறான் என்று அவரே கண்டுபிடித்தார். அது சரிதான். கள்ளன் பெண்கள் பக்கத்துப் பாயிலிருந்து பிரசங்கத்தின் நடுவே நழுவிப் போனான் என்பதுதான் அவருக்குத் தெரியாது.

மாமாவிடம் ஒரு பழைய துப்பாக்கி உண்டு, ஊர்ப்பேச்சில் தோக்கு. மரச்சீனிக் கிழங்குத் தோட்டத்தில் பன்றி விரட்ட வைத்திருந்தது. குழல் வாயில் கரிமருந்தை இடித்து நிரப்பவேண்டும். மலையடிவாரத்தில் பன்றி வரும் வழியில் குறுக்கே கயிறு கட்டி, கயிறு இழுபட்டால் தானே வெடிக்கும்படி துப்பாக்கியை வைப்பார்கள். அதே போல மரத்தடியிலும் வைக்கப்போவதாக மாமா அறிவித்தார்.

மாமியின் தம்பி பத்மநாபபுரம் கோர்ட்டில் வக்கீல். அந்த வாரம் சாப்பிட வந்தவரிடம் மாமா கேட்டார்: “எனக்க சொத்தைக் காக்க எனக்கு உரிமை இல்லியா?”

“உண்டு அத்தான். சத்தம் போடலாம், தடுக்கலாம், பிடிச்சுக் கட்டலாம். வீடு பொளந்து ராத்திரி உள்ள வந்தாலோ, உங்க உயிருக்கு ஆபத்து வந்தாலோ அது வேற காரியம். சக்கை வெட்டுனவனைச் சாவடிச்சா பிறகு நீங்கதான் கூண்டில ஏறி நிக்கணும்.”

“நான் சுடேல. தோக்கு தானே சுடுது.”

“அதுதான் இன்னும் மோசம். உங்களுக்குக் கண்ணுண்டு, வாறது ஆருன்னு பாப்பீங்க. கயித்துக்குக் கண்ணுண்டா?”

மாமி தம்பிக்கு இன்னும் ஒரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

சட்டம் கைவிட்டதும் மாமா வேதத்துக்குப் போனார். கோவிலுக்கு நேர்ந்த பழம் கர்த்தருடைய சொத்து, அதைக் காப்பது ஊழியம் அல்லவா என்று போதகரிடம் வாதாடினார். களவு செய்யாதே என்பது எட்டாம் கட்டளை, கொலை செய்யாதே என்பது ஆறாவது, ஆறு தாண்டித்தானே எட்டுக்கு வரவேண்டும் என்றார் போதகர். மாமாவுக்கு அந்தக் கணக்கு பிடிக்கவில்லை. ஆனாலும் அதன் பிறகு துப்பாக்கிப் பேச்சை எடுக்கவில்லை. அத்தோடு முடிந்தது என்று நாங்கள் நினைத்தோம்.

அடுத்த ஞாயிறு காலையில் தண்ணீர் இறைக்கப் போனால் கிணற்றில் வாளி இருக்கிறது, கயிறு இல்லை. மாமி தொழுவத்துக்கு எடுத்திருப்பாள் என்று நினைத்துக் கோவிலுக்குக் கிளம்பிவிட்டேன்.

கோவிலில் மாமா வழக்கமாகத் தொண்டை கிழியப் பாடுவார். அன்று உதடு மட்டும் அசைந்தது. பிரசங்கம் தொடங்கியும் முகம் போதகர் பக்கம் இல்லை, காது ஜன்னல் பக்கம் இருந்தது. அவர் மேல்முண்டின் ஓரத்தில் கருப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. அடுப்படிக்குள் கால் வைக்காத மனிதர் மேல் என்ன கரி என்று யோசித்தேன். கரிமருந்து என்று தோன்றியது. உடனே கிணற்றுக் கயிறு நினைவுக்கு வந்தது. பக்கத்தில் திரும்பினேன். மாமியின் பாய் காலியாக இருந்தது.

மாமனார் முன்னால் சத்தமாகப் பேசுவதே மருமகளுக்கு ஆகாத காலம். கோவிலில் ஆண்கள் பக்கம் போவதை நினைத்துக்கூடப் பார்க்கமுடியாது. நான் எழுந்து குறுக்கே நடந்தேன்.

“மாமா, மாமியைக் காணேல! சக்கை வெட்டப் போயிருக்கா!”

மாமா என்னைப் பார்த்தார். மறு நொடி மேல்முண்டை அங்கேயே போட்டுவிட்டு ஓடினார். பின்னால் நான், எனக்குப் பின்னால் சபை, கடைசியில் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போதகர்.

வீட்டு வாசல் படிப்புரையைத் தாண்டும்போது வெடி கேட்டது.

மரத்தடியில் மாமி உட்கார்ந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமைக்கு உடுத்திய வெள்ளைச் சேலை மார்பு முழுக்கச் செக்கச்செவேலென்று இருந்தது. மாமா அவளிடம் தவழ்ந்தே போனார். நான் கேட்ட அந்த அழுகையை அதற்கு முன்னும் பின்னும் எந்த ஆணிடமும் கேட்டதில்லை.

“எதுக்கு இந்தக் கரைச்சல்?” என்றாள் மாமி. “எனக்கு ஒண்ணும் இல்ல. சக்கைதான் செத்துப்போச்சு.”

கிணற்றுக் கயிற்றை வழியில் கண்டதும் அவளுக்கு விளங்கிவிட்டது. அவ்வளவு தடித்த கயிற்றைக் கண்டால் பன்றிகூடச் சுற்றிக்கொண்டு போகும். அப்படியே விட்டால் ஆடோ பிள்ளைகளோ தட்டிவிடுமே என்று, மரத்தை ஒட்டி ஒதுங்கி நின்று துறட்டியால் கயிற்றைப் பிடித்து இழுத்திருக்கிறாள். குண்டு அடிமரத்தில் தொங்கிய பழத்தில் போய் அடித்து, சுளையெல்லாம் சிதறி அவள் மேல் விழுந்திருக்கிறது. போன வாரம் வெட்டினதும் எனக்காகத்தான் என்று அவளே மாமாவிடம் சொன்னாள்.

“மருமவளுக்கு வேணும்ணா எனக்கிட்ட கேக்கக்கூடாதா?”

“கேட்டா குடுத்திருப்பீங்களா?”

மாமா சிதறிக் கிடந்த சக்கையைப் பார்த்தார். “குடுத்திருக்க மாட்டேன்.”

அப்போது சபை வந்து சேர்ந்தது. போதகர் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்: “கள்ளன் கிட்டினானா?”

பொய் சொல்லாதவர் என்று பெயரெடுத்தவர் என் மாமா. எழுந்து மாமியை மறைத்துக்கொண்டு நின்றார். “கள்ளன் ஆரும் இல்ல. போன வாரத்துப் பழத்தையும் நான்தான் வெட்டச் சொன்னேன், மருமவளுக்காக. சொன்னது மறந்துபோச்சு.”

“பின்ன எதுக்கு இந்தத் தோக்கு?”

“பழம் எட்டேல.”

எஞ்சியிருந்த சக்கை போதகரின் முழங்கால் உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். பிறகு எல்லாரையும் கோவிலுக்குத் திரும்பச் சொன்னார். ஆறாம் கட்டளைக்கும் எட்டாம் கட்டளைக்கும் மேலே பொய்ச்சாட்சி சொல்லாதே என்ற ஒன்பதாவதும் அன்று எங்கள் மரத்தடியிலேயே மீறப்பட்டது.

கூட்டம் கலைந்த பிறகு மாமா குனிந்து, மாமியின் சேலையில் ஒட்டியிருந்த சுளைத் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்தார். ஒவ்வொரு துண்டை எடுத்ததும் அதன் அடியில் விரலை வைத்துத் தடவிப் பார்த்தார்.

“இல்ல, ஒண்ணும் இல்ல” என்று மாமி ஒவ்வொரு தடவையும் சொல்லிக்கொண்டிருந்தாள்.