முகம் தெரியாத வோல்பேப்பர்

திருகோணமலைத் துறைமுகப் பக்கம் சுவரில் ஒட்டும் தாள் விற்கும் வோல்பேப்பர் கடை ஒன்று எனக்கு இருக்கிறது. ஒரு நாள் காலை, அறுபது வயது மதிக்கத்தக்க அம்மா ஒருவர் வந்தார். மெலிந்த உடம்பு, மடிப்புக் குலையாத பருத்திச் சேலை. பூவும் கொடியும் வேண்டாம், வெறும் கோடும் நிறமுமாக இருந்தால் போதும் என்றார். காட்டிய ஒவ்வொரு தாளையும் தூரப் பிடித்து, கண்ணைச் சுருக்கி நெடுநேரம் பார்த்தார்.

"இதில முகம் ஒண்டும் தெரியேல்லைத்தானே, தம்பி?"

பலவற்றைத் தள்ளிவிட்டு, சாம்பலும் நீலமும் கலந்த ஒன்றை எடுத்தார்.

மறுநாள் அதை ஒட்ட அன்புவழிபுரத்திலுள்ள அவருடைய வீட்டுக்குப் போனேன். முன்னறைச் சுவரில், கூரை ஒழுகிய காலத்துக் கறை ஒன்று காய்ந்து கிடந்தது.

"காணாமல் போன என்ர மகன்ர முகம் இதில இருக்கு. மகள் நம்பமாட்டாள், மூடச் சொல்லி ஒரே கரைச்சல். உங்களுக்குத் தெரியுதா?"

எனக்குக் கறை மட்டும்தான் தெரிந்தது. அவர் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஓம் அம்மா, தெரியுது" என்றேன்.

கதிரையில் உட்கார்ந்து அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"என்னைத் தவிர ஒருத்தர் எண்டாலும் அவனைக் கண்டிட்டீங்கள். அது போதும். இனி ஒட்டுங்கோ."

கடைசித் தாளைக் கறையின் மேல் வைத்து அழுத்தப் போனபோது, பின்னாலிருந்து அவருடைய குரல் கேட்டது.

"அதில கண் இருக்கு. மெதுவாத் தடவுங்கோ, தம்பி."

மெதுவாகத்தான் தடவினேன். நான் அவரிடம் சொன்னது பொய்தானா என்று இன்றும் எனக்கு நிச்சயமில்லை.