தண்ணீர் கேட்காத எலுமிச்சை

வாடிக்கையாளர்களின் சட்டை அளவு எழுதுகிற நோட்டில்தான் தையற்கார அக்கா தன் மாடித் தோட்டத்துக்கும் அளவு எழுதுவாள். மழைக்காலத்தில், 'தக்காளி: உயரம் பதினெட்டு இஞ்ச், இரண்டு பூ.' பனிக்காலத்தில், 'மிளகாய்: வளர்ச்சி இல்லை, முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறது.' கழுத்தில் டேப் தொங்க முப்பத்தெட்டு தொட்டிகளையும் சுற்றி வருவாள். செடிக்கெல்லாம் கால்சட்டை தைக்கப் போகிறாயா என்று கணவர் கேலி செய்வார்.

அந்தக் கோடையில் கேலி நின்றது. மாடிக்கு நேர் கீழே வேன் டிரைவரின் வீடு. அவர் படுக்கையறைக் கூரையில் ஈரம் படர்ந்து, ஒரு மத்தியானம் உள்ளங்கை அகலத்துக்குக் காரை பெயர்ந்து தொட்டிலுக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது. தொட்டிலில் நாற்பது நாள் குழந்தை. படியேறி வந்த டிரைவரின் கையில் அந்தத் துண்டு இருந்தது.

"அக்கா, உங்க தொட்டித் தண்ணிதான் இறங்குது. நாளைக்குக் காலைல வீட்டு ஓனர் பிளம்பரோட வர்றாரு. தொட்டிதான் காரணம்னா மொத்தத்தையும் காலி பண்ணச் சொல்லிடுவாரு."

"மழையில ஒழுகாத கூரை வெயில்லயா ஒழுகும்? தொட்டிக்கு ஒரு மக்குக்கு மேல நான் ஊத்துறதே இல்லப்பா. எல்லாம் எழுதி வச்சிருக்கேன்!"

வாய்தான் அப்படிப் பேசியது. மாடி போனால் அவளுக்கு நாள் முழுக்கத் தையல் மிஷினும் எதிர்ச் சுவரும்தான்.

விடிந்ததும், ஓனரிடம் காட்டுவதற்காகக் கோடைக் குறிப்புகளைப் புரட்டினாள். வெண்டை, காலையிலேயே வாட்டம். கத்தரி, இலை சுருக்கம். எலுமிச்சையில் விரல் நின்றது. 'தண்ணீர் விட்டுப் பன்னிரண்டு நாள். வாடவே இல்லை. தங்கப் பிள்ளை!' அடுத்த பக்கத்தில், 'இருபதாம் நாள். புதுத் துளிர். மற்றதெல்லாம் இதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும்.' பெருமை தாங்காமல் சிவப்பு மையில் அடிக்கோடு வேறு போட்டிருந்தாள்.

குடிக்காமல் எந்தச் செடி துளிர்க்கும்? மாடிக்கு ஓடித் தொட்டியை இழுத்தாள். அசையவில்லை. கன்னம் தரையில் படக் குனிந்து பார்த்தாள். தொட்டியின் அடித்துளையிலிருந்து விரல் தடிமனில் ஒரு வேர் தரை வெடிப்புக்குள் இறங்கியிருந்தது. அதன் கீழேதான் தண்ணீர்க் குழாய் போகிறது. அவள் ஊற்றிய ஒரு மக் போதாமல் அது எப்போதோ தேடிப் போய்க் குழாயின் மூட்டைப் பிளந்திருக்கிறது.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கத்தரிக்கோல் இடுப்பில்தான் இருந்தது. வேரை வெட்டித் தொட்டியை நகர்த்திவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. பிளம்பர் ஊரெல்லாம் தேடட்டும். கை கத்தரிக்கோல் வரை போய்விட்டது. தேடி முடிப்பதற்குள் இன்னொரு துண்டு விழுந்தால்? தன் மீதே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

முதலில் ஏறி வந்த டிரைவரிடம் நோட்டை நீட்டினாள். "இந்தத் தொட்டிதான்பா. எனக்கு எப்பவோ தெரிஞ்சிருக்கணும். என் கையாலயே எழுதி வச்சிருக்கேன் பாரு."

"சாயங்காலத்துக்குள்ள ஒரு தொட்டிகூட இருக்கக் கூடாது," என்றார் ஓனர். அவள் தலையாட்டினாள். பிளம்பர் வேரை வெட்டினார். அவள் ஒரு பக்கமும் டிரைவர் மறுபக்கமும் பிடிக்க, இருவருமாகத் தொட்டியைத் தெருவுக்கு இறக்கினார்கள்.

மத்தியானத்துக்குள் எலுமிச்சை தலை தொங்கிவிட்டது. இருபத்தோராம் நாள், அவள் அதற்கு ஒரு மக் தண்ணீர் ஊற்றினாள்.